டி செல்லின் பயணப்பாதை: எலும்பு மஜ்ஜை முதல் முள் தைத்த பாதம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கத்துக் கல்லூரிகளில் உயிரியல் படிக்கும் மாணவர்களை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். நோய்த்தடுப்பியல் பாடத்தில் அவர்களை மிகவும் மலைக்க வைப்பது டி செல் பற்றிய பகுதி. சி.டி.3, சி.டி.4, சி.டி.8, சி.டி.25 என்று செல்லின் மேற்பரப்புப் புரதங்களுக்கான எண்கள் வரிசையாக வருகின்றன. அவற்றின் பின்னாலேயே செலக்டின், இன்டக்ரின் என்ற ஒட்டும் புரதங்களும், செல்களை ஈர்த்து அழைக்கும் கீமோகைன்களும் வருகின்றன. தேர்வுக்கு முந்தைய இரவு எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிட்டு மறுவாரம் மறந்துவிடுகிறார்கள். அந்தப் பெயர்கள் ஒவ்வொன்றும் உடலில் ஓர் இடத்துக்குரியவை என்பது பாடத்தில் தெளிவாக விளங்காமல் போவதே இதற்குக் காரணம் என்பது என் உறுதியான எண்ணம். டி செல் ஓர் உறுப்பில் பிறந்து, மற்றோர் உறுப்பில் தேறி, பிறகு ரத்தத்திலும் நிணநீரிலும் ஓயாமல் சுற்றி, அழைப்பு வரும் இடத்தில் இறங்கிக் கிருமிக்கு எதிராக வேலை செய்யும் வெள்ளை ரத்த அணு. ஆகவே அதைப் பயணமாகவே படிக்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: இந்தச் செல் இங்கே எப்படி நுழைந்தது? இங்கிருந்து வெளியேற அதற்கு வழிவிடுவது எது? பெயர்கள் தாமாகவே இந்தக் கேள்விகளுக்கான விடைகளாக வந்து பொருந்துவதைக் காண்பீர்கள்.

முதற்படி: வரைபடமும் கறிக்கடையும்

ஒரு முழுத்தாளில் மனித உடலின் வெளிக்கோட்டை வரைந்துகொள்ளுங்கள். இடுப்பெலும்பிலும் மார்பெலும்பிலும் எலும்பு மஜ்ஜையைக் குறியுங்கள். மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே, இரண்டு மடல்களாகத் தைமஸ் சுரப்பியை வரையுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, வயிற்றின் உட்பகுதி ஆகிய இடங்களில் நிணநீர் முடிச்சுகளைப் புள்ளிகளாக இடுங்கள். மனித உடலில் அவை ஏறத்தாழ 600 உள்ளன. இடப்புற விலாவுக்கு அடியில் மண்ணீரலையும், சிறுகுடல் சுவரில் பேயர் திட்டுகள் எனப்படும் நிணநீர்த் திசுத் திட்டுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரத்தக் குழாய்களுக்குச் சிவப்பு மையும் நிணநீர்க் குழாய்களுக்குப் பச்சை மையும் பயன்படுத்துங்கள். கால்களிலிருந்தும் வயிற்றிலிருந்தும் வரும் பச்சைக் கோடுகள் ஒன்றுகூடி, முதுகெலும்பை ஒட்டி மார்பு நிணநீர் நாளமாக மேலேறி, இடது கழுத்தடியில் பெருஞ்சிரையில் கலக்க வேண்டும். இந்த ஓர் இணைப்பை வரையாமல் விட்டால் பின்னால் வரும் எதுவும் விளங்காது.

எலும்பு மஜ்ஜையும் தைமஸும் முதல்நிலை உறுப்புகள். டி செல் அங்கே உருவாகிறது. முடிச்சுகள், மண்ணீரல், குடல் திட்டுகள் ஆகியவை இரண்டாம்நிலை உறுப்புகள். அங்கே அது தன் எதிரியைச் சந்திக்கிறது.

தாளில் வரைவதோடு நிறுத்தாமல் உண்மையான உறுப்பையும் பார்க்கச் சொல்வேன். காரைக்குடியில் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஆட்டுக்கறிக் கடை இல்லாத கடைவீதி இல்லை. தெரிந்த கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து, இளங்குட்டியின் மூச்சுக்குழல் ஓரமாகவும் இதயத்துக்கு முன்னாலும் படிந்திருக்கும் வெளிர் இளஞ்சிவப்புத் தசைபோன்ற பகுதியைக் கேட்டு வாங்குங்கள். மடல் மடலாகப் பிரியும் அதுதான் தைமஸ். வயது முதிர்ந்த ஆட்டில் அதே இடத்தில் பெரும்பாலும் கொழுப்பே இருக்கும். தோள்பட்டைக்கு முன்புறக் கொழுப்பைத் தடவிப் பார்த்தால், கொழுப்பைவிடக் கெட்டியாக நீள்வட்ட வடிவில் ஒரு நிணநீர் முடிச்சு கைக்கு அகப்படும். கையுறை அணிந்து, கூர்மையான கத்தியால் அதை நெடுக்காக வெட்டிப் பாருங்கள். வெளிப்பகுதியும் உட்பகுதியும் நிறத்தில் வேறுபடுவது கண்ணுக்கே தெரியும். படத்தில் பத்து முறை பார்ப்பதைவிட இந்த ஒருமுறை பார்ப்பது மனத்தில் நிற்கும்.

இரண்டாம் படி: மஜ்ஜையிலிருந்து புறப்படுதல்

எல்லா ரத்த அணுக்களும் எலும்பு மஜ்ஜையின் ரத்த மூலச்செல்லிலிருந்தே பிறக்கின்றன. அவற்றுள் ஒரு சிறுபகுதி மட்டும், இன்னும் டி செல்லாக ஆகாத நிலையிலேயே, ரத்தத்தில் இறங்கித் தைமஸை நோக்கிச் செல்கிறது. இந்த முன்னோடிச் செல்களுக்கு, எதிரியை அடையாளம் காணும் டி செல் ஏற்பி கிடையாது, சி.டி.4, சி.டி.8 எதுவும் கிடையாது. வேறு வகை ரத்த அணுவாக மாறும் வாய்ப்புகூட இவற்றிடம் இன்னும் மிச்சமிருக்கிறது. மேற்பரப்பில் உள்ள சி.சி.ஆர்.7, சி.சி.ஆர்.9 ஆகிய கீமோகைன் ஏற்பிகளும், ரத்தக்குழாய்ச் சுவரிலுள்ள பி-செலக்டினைப் பற்றும் புரதமும்தான் தைமஸுக்குள் நுழைய இவற்றுக்கு உதவுகின்றன. தைமஸில் தங்கிப் பல்லாண்டு தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் மூலச்செல் இல்லாததால், மஜ்ஜையிலிருந்து புதியவை வந்துகொண்டே இருக்க வேண்டும்.

மூன்றாம் படி: தைமஸுக்குள் நடப்பவை

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். டி செல் பற்றிய அறிவில் பாதி இங்கேதான் இருக்கிறது.

1961ஆம் ஆண்டுவரை தைமஸுக்கு முக்கியமான வேலை எதுவும் இல்லையென்றே பெரும்பாலான அறிவியலாளர்கள் கருதினார்கள். லண்டனில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஜாக் மில்லர், பிறந்தவுடன் தைமஸ் அகற்றப்பட்ட சுண்டெலிகளில் லிம்ஃபோசைட்டுகள் (டி செல், பி செல் உள்ளிட்ட வெள்ளையணுக்கள்) குறைந்துபோவதையும், அவை தொற்றுகளுக்கு எளிதில் இரையாவதையும், வேற்று எலியின் தோலை ஒட்டினால்கூட அதைப் புறந்தள்ள முடியாமல் ஏற்றுக்கொள்வதையும் கண்டார். வளர்ந்த எலியில் அகற்றினால் இந்த விளைவு உடனே தெரிவதில்லை. ஏனென்றால் வேண்டிய டி செல்கள் முன்பே வெளியேறிச் சுற்றத் தொடங்கியிருக்கும். அறுவைச் சிகிச்சை எந்த வயதில் செய்யப்பட்டது என்ற ஒரே வேறுபாடுதான் இந்த உறுப்பின் பணியை வெளிப்படுத்தியது.

தைமஸின் ஒவ்வொரு சிறுமடலும் வெளிப்புறத்தில் புறணி, உட்புறத்தில் அகணி என இரண்டு பகுதிகளைக் கொண்டது. செட்டிநாட்டு வீட்டில் ஒருவர் முகப்பில் நுழைந்து வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என நேராக நடந்து பின்தெருவில் வெளியேறிவிடலாம். தைமஸில் வழி அப்படி நேராக இல்லை என்பதை நினைவில் வைத்தாலே பாதிக் குழப்பம் தீரும். முன்னோடிச் செல் புறணியும் அகணியும் சந்திக்கும் நடு எல்லையில் நுழைகிறது. அங்கிருந்து வெளிவிளிம்பை நோக்கிப் போகிறது. பிறகு திரும்பி உள்நோக்கி வந்து, நுழைந்த அதே எல்லைப் பகுதியின் வழியாக வெளியேறுகிறது. போகும் வழியில் ஏற்பி உருவாகிறது. திரும்பும் வழியில் அது சோதிக்கப்படுகிறது.

உள்ளே வந்ததும் முதலில் நிகழ்வது திசை உறுதியாதல். தைமஸின் எபிதீலியல் செல்கள் தம் மேற்பரப்பில் தாங்கியுள்ள டி.எல்.எல்.4 என்ற புரதம், வந்த செல்லின் நாட்ச்1 ஏற்பியைத் தொட்டுத் தூண்டுகிறது. இந்தத் தூண்டல் கிடைக்காவிட்டால் அதே செல், எதிர்ப்பொருள் உருவாக்கும் பி செல்லாக மாறும் பாதையில் சென்றுவிடும். இன்டர்லியூக்கின்-7 என்ற குறிப்புப் புரதம் அதன் உயிரைத் தாங்குகிறது. அந்த இன்டர்லியூக்கினின் ஏற்பியில் பிறவிக் குறை உள்ள குழந்தைகளுக்கு டி செல்லே உருவாவதில்லை என்பதிலிருந்து இதன் இன்றியமையாமையை உணரலாம்.

சி.டி.4, சி.டி.8 இரண்டும் இல்லாத இந்தக் கட்டத்தை இரட்டை எதிர்மறை நிலை என்பார்கள். செல் வெளிவிளிம்பை நெருங்கும்போது ராக்1, ராக்2 என்ற நொதிகள் அதன் மரபணுவையே வெட்டி ஒட்டத் தொடங்குகின்றன. டி செல் ஏற்பி ஆல்ஃபா, பீட்டா என்ற இரு சங்கிலிகளால் ஆனது; அதன் பீட்டா சங்கிலிக்கான மரபணுப் பகுதி வி, டி, ஜே எனப் பல துண்டுகளாகக் கிடக்கிறது. மனிதரில் டி துண்டுகள் 2, ஜே துண்டுகள் 13, வி துண்டுகள் இவற்றைவிடப் பல. அவற்றிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து இணைக்கும்போது, இணைப்பிடத்தில் சில டி.என்.ஏ. எழுத்துகள் நீக்கப்படுவதும் புதிதாகச் சேர்க்கப்படுவதும் உண்டு. மரபுக் குறியீடு மூன்று மூன்று எழுத்துகளாகப் படிக்கப்படுவதால், இப்படிக் குருட்டாம்போக்கில் நடக்கும் இணைப்புகளில் மூன்றில் இரண்டு பொருளற்றவையாகப் போய்விடும். ஒரு குரோமோசோமில் தவறினால் மற்றதில் முயலலாம். அதுவும் தவறினால் செல் இறக்கும்.

பீட்டா சங்கிலி சரியாக அமைந்ததா என்பதை அறிய, தற்காலிகத் துணைச் சங்கிலி ஒன்றோடு அது சேர்ந்து முன்-ஏற்பியாக மேற்பரப்புக்கு வருகிறது. வந்துவிட்டால் செல்லுக்குள் மூன்று கட்டளைகள் பிறக்கின்றன: இனி பீட்டா மரபணுவை வெட்டாதே, பலமுறை பிரிந்து பெருகு, சி.டி.4, சி.டி.8 இரண்டையும் அணிந்துகொள். இது முடிந்ததும் செல் இரட்டை நேர்மறை நிலையை அடைகிறது. தைமஸில் எந்த நேரத்தில் பார்த்தாலும் பெரும்பான்மையாக இருப்பவை இந்நிலைச் செல்களே. இப்போது ஆல்ஃபா சங்கிலியின் முறை. மனிதரின் ஆல்ஃபா பகுதியில் 61 ஜே துண்டுகள் இருப்பதால், ஒரு முயற்சி பயன்படாவிட்டால் அடுத்த துண்டுகளை எடுத்து மீண்டும் மீண்டும் முயல முடிகிறது. பீட்டாவுக்குக் கிடைக்காத இந்தச் சலுகையை மாணவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. நேர்மறைத் தேர்வில் ஒரு செல்லுக்குச் சில நாள் அவகாசம் கிடைப்பதன் பொருள் இதில்தான் இருக்கிறது.

அந்த நேர்மறைத் தேர்வு புறணியில் நடக்கிறது. உடலின் செல்கள் தமக்குள் உள்ள புரதங்களைச் சிறு துண்டுகளாக நறுக்கி எம்.ஹெச்.சி. என்ற மூலக்கூறில் வைத்து வெளியே காட்டும். டி செல் ஏற்பி எதிர்ப்பொருள் தூண்டியைத் தனியாகக் காணாது, இந்த எம்.ஹெச்.சி.யில் வைக்கப்பட்ட துண்டாகத்தான் காணும். இதைக் கண்டறிந்ததற்காகப் பீட்டர் டோஹர்ட்டிக்கும் ரோல்ஃப் சிங்கர்நாகலுக்கும் 1996இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே தன் உடலின் எம்.ஹெச்.சி.யை மெலிதாகவேனும் பற்றத் தெரியாத ஏற்பியால் எப்பயனும் இல்லை. புறணியின் எபிதீலியல் செல்கள் காட்டும் எம்.ஹெச்.சி.யைச் சிறிதாவது பற்றும் செல்லுக்கு உயிர்வாழும் குறிப்பு கிடைக்கிறது. மூன்று நான்கு நாள்களுக்குள் அது கிடைக்காத செல், யாரும் கொல்லாமலே, குறிப்பு இல்லாத காரணத்தாலேயே இறந்துபோகிறது. முதல் வகை எம்.ஹெச்.சி.யைப் பற்றியது சி.டி.8 செல்லாகவும், இரண்டாம் வகையைப் பற்றியது சி.டி.4 செல்லாகவும் நிலைபெறும்.

தேறிய செல் மீண்டும் சி.சி.ஆர்.7 ஏற்பியை அணிந்து அகணிக்கு வருகிறது. இங்கே நடப்பது எதிர்மறைத் தேர்வு. கணையம் மட்டுமே செய்யும் இன்சுலின், மற்ற உறுப்புகளுக்கே உரிய பிற புரதங்கள் ஆகியவற்றைத் தைமஸின் அகணிச் செல்கள் சிறு அளவில் தாமே உற்பத்தி செய்து காட்டுகின்றன. 1997இல் அடையாளம் காணப்பட்ட ஏர் என்ற மரபணு இதற்குக் காரணம். அவற்றை வலுவாகப் பற்றும் செல் வெளியே போனால் சொந்த உறுப்பையே தாக்கும் என்பதால் இங்கேயே இறக்க வைக்கப்படுகிறது. ஏர் மரபணு பழுதானவர்களுக்குப் பாராதைராய்டு, அட்ரினல் போன்ற சுரப்பிகள் தம் டி செல்களாலேயே சிதைவதைக் காணும்போது, இந்த அகணிச் சோதனை எத்தனை மனிதரை நாள்தோறும் காத்துவருகிறது என்ற வியப்பு எனக்கு ஒவ்வொரு முறையும் ஏற்படுகிறது.

வலுவாகப் பற்றும் செல்கள் எல்லாமே இறப்பதில்லை. சில சி.டி.4 செல்கள் ஃபாக்ஸ்பி3 என்ற புரதத்தை இயக்கிக்கொண்டு ஒழுங்குபடுத்தும் டி செல்களாக மாறுகின்றன. பிற டி செல்களின் மிகைச் செயலை வெளியில் அடக்குவது அவற்றின் பணி. ஷிமோன் சகாகுச்சி 1995இல் சி.டி.25 அடையாளத்தால் இவற்றைப் பிரித்துக் காட்டினார். மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெல்லும் 2001இல் ஃபாக்ஸ்பி3 மரபணுவைக் கண்டறிந்தனர். மூவருக்கும் 2025இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. பழைய பாடநூல்களில் இச்செல்கள் பற்றி ஒரு வரி இருந்தாலே அதிகம் என்பதால், இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

தைமஸில் வளரத் தொடங்கும் செல்களில் மிகமிகச் சிறு விழுக்காடே உயிருடன் வெளியேறுகிறது. இதை வீண் என்று கருதக் கூடாது. எதிர்காலத்தில் வரக்கூடிய எந்தக் கிருமிக்கும் பொருந்தும் ஏற்பியை முன்கூட்டியே அறிந்து செய்ய வழியில்லை. ஆகவே குருட்டாம்போக்கில் கோடிக்கணக்கில் செய்துவிட்டு, பயன்படாதவற்றையும் ஆபத்தானவற்றையும் கழிப்பதே ஒரே வழி.

நான்காம் படி: தைமஸை விட்டு வெளியேறுதல்

வெளியேற வழிவிடுவது எது என்ற கேள்விக்கு இங்கேதான் முதன்முதலாக முழு விடை கிடைக்கிறது. எஸ்1பி என்ற கொழுப்பு மூலக்கூறு ரத்தத்திலும் நிணநீரிலும் மிகுதியாகவும், திசுக்களுக்குள் மிகக் குறைவாகவும் இருக்கிறது. முதிர்ந்த டி செல் எஸ்1பி ஏற்பியை மேற்பரப்பில் அணிந்துகொண்டதும், குறைந்த இடத்திலிருந்து மிகுந்த இடத்தை நோக்கி நகர்ந்து ரத்தத்தில் இறங்கிவிடுகிறது. சி.டி.69 என்ற புரதம் இந்த ஏற்பியை உள்ளே இழுத்து மறைத்துவிடும். எனவே சி.டி.69 மேலே இருக்கும்வரை செல் வெளியேறாது. இந்த இணையை நன்றாக நினைவில் நிறுத்துங்கள். அடுத்து வரும் மூன்று படிகளிலும் இதுவே திரும்ப வரும்.

தைமஸின் வேலைசெய்யும் பகுதி குழந்தைப் பருவத்திலிருந்தே மெல்லச் சுருங்கி, பருவமடைந்தபின் பெரும்பகுதி கொழுப்பாகிறது. அதன்பின் வெளியிலிருக்கும், கிருமியை இன்னும் சந்திக்காத அனுபவமற்ற டி செல்கள் இன்டர்லியூக்கின்-7இன் துணையோடு தாமே மெதுவாகப் பிரிந்து தம் எண்ணிக்கையைக் காத்துக்கொள்கின்றன.

ஐந்தாம் படி: ஓயாத சுற்று

ஒரு குறிப்பிட்ட கிருமித் துண்டுக்குப் பொருந்தும் ஏற்பி, அனுபவமற்ற டி செல்களில் ஏறத்தாழ ஒரு லட்சத்துக்கோ பத்து லட்சத்துக்கோ ஒன்றில்தான் இருக்கும். அந்த ஒன்று உடல் முழுவதும் தேடித் திரிந்தால் கிருமியைச் சந்திக்கவே முடியாது. அதனால் சந்திப்புக்கென்றே இடங்கள் உள்ளன: நிணநீர் முடிச்சுகள். தேடும் செல்லும் தேடப்படும் பொருளும் அங்கே வந்துசேர்கின்றன.

இச்சுற்றை மெய்ப்பித்தவர் ஆக்ஸ்ஃபோர்டின் ஜேம்ஸ் கோவன்ஸ். எலியின் மார்பு நிணநீர் நாளத்திலிருந்து நிணநீரை வெளியே வடியவிட்டால் சில நாள்களில் லிம்ஃபோசைட்டுகள் வற்றிப்போவதையும், எடுத்தவற்றை ரத்தத்தில் திரும்பச் செலுத்தினால் நாளத்தில் அவை மீண்டும் தோன்றுவதையும் 1950களின் இறுதியில் அவர் காட்டினார். ஒரே செல்கள்தாம் ரத்தத்திலிருந்து நிணநீருக்கும் நிணநீரிலிருந்து ரத்தத்துக்கும் மாறிமாறிப் போகின்றன.

முடிச்சுக்குள் நுழையும் முறையை உங்கள் வரைபடத்தில் நான்கு சிறு படங்களாக வரையுங்கள். முடிச்சின் உட்பகுதியில் உயரமான செல்களால் ஆன சுவரைக் கொண்ட தனிவகைச் சிரை நுண்குழாய்கள் உள்ளன. டி செல்லின் எல்-செலக்டின் அச்சுவரிலுள்ள சர்க்கரைச் சங்கிலிகளை மெலிதாகப் பற்ற, செல் வேகம் குறைந்து உருளத் தொடங்குகிறது. சுவரில் ஒட்டியிருக்கும் சி.சி.எல்.21 என்ற கீமோகைனை அதன் சி.சி.ஆர்.7 உணர்கிறது. அந்த உணர்வு எல்.எஃப்.ஏ-1 என்ற இன்டக்ரினின் வடிவத்தை மாற்றி அதன் பிடியை இறுக்குகிறது, செல் நிற்கிறது. பிறகு சுவர்ச் செல்களின் இடையே நெருக்கிக்கொண்டு உள்ளே போகிறது. இவற்றுள் எந்த ஒன்று இல்லாவிட்டாலும் செல் ரத்தத்தோடு அடித்துச் செல்லப்பட்டுவிடும்.

உள்ளே அரை நாளிலிருந்து ஒரு நாள்வரை அது அங்குள்ள செல்களைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறது. ரத்தத்தில் எஸ்1பி மிகுதியாக இருந்ததால் உள்வாங்கப்பட்டிருந்த அதன் ஏற்பி, இந்த நேரத்தில் மெல்ல மேற்பரப்புக்குத் திரும்புகிறது. பொருந்தும் துண்டு எதுவும் அகப்படாவிட்டால் செல் வெளிச்செல்லும் நிணநீரில் இறங்கி, மார்பு நாளம் வழியாக ரத்தத்தை அடைந்து, அடுத்த முடிச்சுக்குப் போகும். மண்ணீரலில் மட்டும் இந்தத் தனிவகைச் சிரைகள் இல்லை. ரத்தத்திலிருந்து நேராகவே உள்ளே போகிறது.

ஆறாம் படி: முள் தைத்த நாள்

சிவகங்கைச் சீமையில் கண்மாய்க் கரையில் வெறுங்காலோடு நடப்பவருக்குக் கருவேல முள் தைப்பது புதிதல்ல. இரண்டு மூன்று நாள் கழித்துத் தொடை இடுக்கு வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால், அப்பத்தா அங்கே தொட்டுப் பார்த்துவிட்டு, "நெறி கட்டியிருக்கு, கால்ல எங்கடா முள்ளு குத்துச்சு?" என்றுதான் கேட்பார். பாதத்தின் நிணநீர் பெரும்பாலும் தொடை இடுக்கு முடிச்சுகளுக்கே வருகிறது என்ற உடற்கூற்று உண்மை அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

முள்ளோடு கிருமி நுழைந்ததும், தோலிலுள்ள டென்ட்ரைட்டிக் செல்கள் அதை விழுங்கி, சி.சி.ஆர்.7 ஏற்பியை அணிந்து, நிணநீர்க் குழாயில் ஏறி முடிச்சை அடைகின்றன. டி செல்லை ரத்தத்திலிருந்து உள்ளே அழைக்கும் அதே ஏற்பி இவற்றை நிணநீரிலிருந்து அழைக்கிறது. முடிச்சுக்குள் வரும் ரத்த ஓட்டம் கூடுகிறது. அழற்சிக் குறிப்புகளால் சி.டி.69 மேலெழுந்து வெளிவாசலை அடைக்கிறது. வருபவை மிகுந்து போகின்றவை நின்றுவிடுவதால் முடிச்சு வீங்குகிறது. நெறி கட்டுவதன் முதற்காரணம் இதுவே. செல்கள் பிரிந்து பெருகுவது அடுத்துச் சேர்கிறது.

பொருந்தும் டி செல் டென்ட்ரைட்டிக் செல்லைச் சந்தித்தால் உடனே வேலை தொடங்கிவிடாது. ஏற்பி துண்டைப் பற்றுவது முதல் குறிப்பு. டென்ட்ரைட்டிக் செல்லின் பி7 மூலக்கூறு டி செல்லின் சி.டி.28ஐத் தொடுவது இரண்டாம் குறிப்பு. ஆபத்தை உணர்ந்த டென்ட்ரைட்டிக் செல் மட்டுமே பி7ஐ மிகுதியாகக் காட்டும். இரண்டாவது இல்லாமல் முதலாவது மட்டும் கிடைத்தால் டி செல் செயலிழந்துவிடும். தைமஸில் தப்பிய தன்-எதிர்ச் செல்கள் அடங்கியிருக்க இதுவும் ஒரு காரணம். மூன்றாவதாக வரும் சைட்டோகைன்கள் என்ற குறிப்புப் புரதங்கள் அது எவ்வகைச் செல்லாக மாற வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றன.

பிறகு பெருக்கம். நாளொன்றுக்கு இரண்டு முதல் நான்கு முறை பிரிந்து, நான்கைந்து நாள் இது தொடர்கிறது. பத்துமுறை பிரிந்தால் ஒன்று 1,024 ஆகிவிடும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். புதிய தொற்றில் டி செல்லின் உதவி வந்துசேர ஏறத்தாழ ஒரு வாரம் ஆவதற்கு இந்தப் பெருக்கத்துக்கான நேரமே காரணம்.

ஏழாம் படி: பாதத்தை அடைதல்

பெருகிய செல்கள் சி.டி.69ஐ இறக்கி எஸ்1பி ஏற்பியைத் திரும்ப அணிகின்றன; வாசல் திறக்கிறது. போகும்போது பலவும் எல்-செலக்டினைக் களைந்துவிடுவதால் மீண்டும் முடிச்சுக்குள் நுழையாது. சி.டி.4 செல்களில் ஒரு பிரிவு மட்டும் வெளியேறாமல், சி.எக்ஸ்.சி.ஆர்.5 ஏற்பியோடு முடிச்சின் பி செல் பகுதிக்கு நகர்ந்து, எதிர்ப்பொருள் உருவாக்க உதவுகிறது.

வெளியேறியவை பாதத்தை எப்படி அறிகின்றன? அவை பாதத்தை அறிவதில்லை. பாதத்தின் ரத்தக்குழாய்தான் தன்னை அறிவிக்கிறது. அழற்சி உள்ள இடத்தில் குழாய்ச் சுவர் செலக்டின்களையும் வி.கேம்-1 என்ற ஒட்டும் புரதத்தையும் வெளிக்காட்டுகிறது, செல்லின் வி.எல்.ஏ-4 என்ற இன்டக்ரின் வி.கேம்-1ஐப் பற்றுகிறது. ஐந்தாம் படியில் வரைந்த அதே உருளல், உணர்தல், நிற்றல், நுழைதல்தான் இங்கும். மூலக்கூறுகளின் பெயர்கள் மட்டும் மாறுகின்றன. உள்ளே சி.டி.8 செல் பெர்ஃபோரின், கிரான்சைம் என்ற கொல்லும் புரதங்களைக் கொண்டு தொற்றுள்ள செல்லைக் கொல்கிறது, சி.டி.4 செல் சைட்டோகைன்களால், கிருமிகளை விழுங்கும் வெள்ளையணுக்களான பெருவிழுங்கிகளையும் நியூட்ரோஃபில்களையும் முடுக்குகிறது.

எங்கே பயிற்சி பெற்றதோ அந்த இடத்துக்கே திரும்பும் இயல்பும் டி செல்லுக்கு உண்டு. குடலின் டென்ட்ரைட்டிக் செல்கள் வைட்டமின் ஏ-யிலிருந்து ரெட்டினாயிக் அமிலம் செய்து, தம்மிடம் பயின்ற டி செல்லுக்கு ஆல்ஃபா4பீட்டா7 இன்டக்ரினையும் சி.சி.ஆர்.9ஐயும் அணிவிக்கின்றன, அவை இரண்டும் குடலின் முகவரி. வைட்டமின் ஏ குறைந்த குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு கடுமையாவதற்கு இதுவும் பங்களிக்கிறது என்று கருத இடமுண்டு. ஒன்பதாம் மாதத்திலிருந்து ஐந்து வயதுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊட்டப்படும் வைட்டமின் ஏ திரவத்தை எந்தத் தாயும் தவறவிடக் கூடாது.

எட்டாம் படி: தங்கிவிடும் செல்கள்

தொற்று அடங்கியதும் பெருகியவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் இறந்துவிடும். எஞ்சியவை நினைவுச் செல்கள். அவற்றை வகைப்படுத்துவதும் பயணத்தை வைத்துத்தான். சி.சி.ஆர்.7 உள்ளவை முடிச்சுகளைச் சுற்றிவரும் மைய நினைவுச் செல்கள். அது இல்லாதவை ரத்தத்துக்கும் திசுக்களுக்கும் இடையே உலவுபவை. 1999இல் இந்தப் பிரிவு முன்வைக்கப்பட்டது. எஸ்1பி ஏற்பியை நிலையாக இழந்து, சி.டி.69ஐ நிலையாக வைத்துக்கொண்டு, சில இடங்களில் சி.டி.103ஆல் எபிதீலியல் செல்லைப் பற்றிக்கொண்டு, தோலிலும் நுரையீரலிலும் குடலிலும் குடியேறிவிடும் மூன்றாம் வகை பின்னர் தெளிவாயிற்று. வெளியேறும் வழியைத் தானே மூடிக்கொண்ட செல் அது.

நினைவுச் செல்லின் பயணத்தை நம் கண்ணாலேயே பார்க்க மாந்தூ சோதனை உதவுகிறது. காசநோய்க் கிருமியின் புரதம் முன்கையின் தோலுக்குள் 0.1 மில்லிலிட்டர் செலுத்தப்படுகிறது. முன்பு அக்கிருமியைச் சந்தித்த நினைவுச் செல்கள் இருந்தால் அவை ரத்தத்திலிருந்து அங்கே வந்து, சைட்டோகைன்களைச் சுரந்து, பெருவிழுங்கிகளை வரவழைக்க வேண்டும். அதற்கு நேரம் பிடிப்பதால்தான் 48 முதல் 72 மணி நேரம் கழித்து வரச் சொல்கிறார்கள். அளக்க வேண்டியது சிவப்பை அன்று, தடிப்பை. செல்கள் வந்து குவிந்ததைக் காட்டுவது தடிப்பே. பொதுவாக 10 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் நேர்மறை எனக் கொள்வர். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 5 மில்லிமீட்டரே போதும், ஏனெனில் அனுப்புவதற்கே அவர்களிடம் சி.டி.4 செல்கள் குறைவு. தடிப்பு வந்தாலே நோய் இருக்கிறது என்று பொருளில்லை. அந்தக் கிருமியையோ பி.சி.ஜி. தடுப்பூசியையோ அறிந்த செல்கள் இருக்கின்றன என்பதே பொருள். பிறந்தவுடன் இடது மேற்கையில் பி.சி.ஜி. போடப்பட்ட குழந்தைக்குச் சில வேளைகளில் இடது அக்குளில் நெறி கட்டுவதையும் உங்கள் பச்சைக் கோடுகளைக் கொண்டு இப்போது நீங்களே விளக்கிவிடலாம்.

ஒன்பதாம் படி: ரத்த அறிக்கையைப் படித்தல்

வளர்ந்தவரின் ரத்தத்தில் சி.டி.4 செல்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு ஏறத்தாழ 500 முதல் 1,500 வரை இருக்கும், எச்.ஐ.வி. தொற்றில் 200க்குக் கீழே இறங்கினால் எய்ட்ஸ் நிலை. ஆனால் உடலின் மொத்த லிம்ஃபோசைட்டுகளில் ரத்தத்தில் இருப்பது ஏறத்தாழ 2 விழுக்காடு மட்டுமே. மற்றவை முடிச்சுகளிலும் மண்ணீரலிலும் குடலிலும் மஜ்ஜையிலும் உள்ளன. ஆகவே ரத்த எண்ணிக்கை என்பது சாலையில் அந்நேரம் செல்பவற்றின் கணக்குதான்; ஊரின் மக்கள்தொகை அன்று. கடும் காய்ச்சலின்போது எண்ணிக்கை தற்காலிகமாகக் குறைவதும், நேரத்துக்கு நேரம் மாறுவதும் இதனால்தான். ஓர் அறிக்கையைப் பார்த்து முடிவுக்கு வராமல் தொடர்ச்சியாகப் பல அறிக்கைகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இதை மிகத் தெளிவாகக் காட்டும் மருந்து ஃபிங்கோலிமாட். பூஞ்சையிலிருந்து கிடைத்த மிரியோசின் என்ற பொருளை மாற்றியமைத்து உருவாக்கப்பட்ட இம்மருந்துக்கு, நரம்புறைகளை டி செல்கள் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்காக 2010இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. இது டி செல்லின் எஸ்1பி ஏற்பியை உள்வாங்கச் செய்துவிடுகிறது. செல்கள் முடிச்சை விட்டு வெளியேற முடியாமல் போக, மூளையையும் தண்டுவடத்தையும் சென்றடைபவை குறைகின்றன. இம்மருந்தை உட்கொள்பவரின் ரத்த அறிக்கையில் லிம்ஃபோசைட் எண்ணிக்கை வெகுவாகச் சரிந்திருக்கும். அதைக் கண்டு செல்கள் அழிந்துவிட்டன என்று எழுதும் மாணவருக்கு மதிப்பெண் தர மாட்டேன். மருந்தை நிறுத்தினால் சில வாரங்களில் அவை மீண்டும் ரத்தத்தில் தென்படும். எனினும் மருந்து உடலில் இருக்கும்வரை தொற்று எளிதில் பற்றும் என்பதால், தொடங்குவதற்கு முன்பே சின்னம்மை வைரஸுக்கான எதிர்ப்பு இருக்கிறதா என்று பரிசோதித்து, இல்லையெனில் தடுப்பூசி போட்டுக் காத்திருந்து, அதன்பிறகே மருத்துவர்கள் முதல் மாத்திரையைக் கொடுக்கிறார்கள்.